படத்தில் இருந்தது மன்னனின் சவப்பேழை அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கெய்ரோவுக்கு அருகே கீஸாவில் 2025 நவம்பரில் திறந்துவைக்கப்பட்ட பெரிய எகிப்திய நூதனசாலையையும், அங்கே முதற்தடவையாக முழுத் தொகுதியாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கும் துட்டன்காமுன் மன்னனின் கல்லறைப் பொருட்களையும் பற்றி, தங்கள் பத்திரிகையின் ஞாயிறு மலரில் முழுப்பக்கக் கட்டுரை ஒன்று வெளியாகியிருந்தது. அரசியலும் விலைவாசியும் பக்கங்களை நிரப்பும் காலத்தில், மூவாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட கைவேலைக்கு ஒரு பக்கத்தை ஒதுக்கியமைக்கு முதலில் என் நன்றி. கட்டுரையைக் கத்தரித்து வைத்துக்கொண்டு இருமுறை வாசித்த பின்னர், அதிலுள்ள சில பிழைகளைச் சுட்டிக்காட்டாமல் விட மனம் வரவில்லை. நான் வரலாற்றறிஞன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டடப் படவரைஞனாக வேலை செய்து ஓய்வுபெற்றவன். 1990களில் மத்திய கிழக்கில் வேலை முடிந்து ஊர் திரும்பும் வழியில் கெய்ரோவில் நான்கு நாட்கள் தங்கி, அவற்றில் மூன்றை தஹ்ரீர் சதுக்கத்துப் பழைய நூதனசாலையின் மேல்மாடியில் கழித்தேன். அன்று பார்த்ததும் அதன்பின் தேடித் தேடி வாசித்ததுமே இக்கடிதத்துக்கு ஆதாரம்.

கட்டுரையின் நடுவே பெரிதாக அச்சிடப்பட்டிருந்த வண்ணப்படத்தின் கீழ், "மன்னனின் உடல் வைக்கப்பட்டிருந்த தங்கச் சவப்பேழை" என்று குறிப்பிடப்பட்டிருந்தது. அந்தப் படத்தில் இருப்பது மன்னனின் உடல் வைக்கப்பட்ட பேழை அன்று. அது 39 சென்ரிமீற்றர் உயரமே உள்ள, ஒரு முழத்துக்கும் குறைந்த, சிறு பேழை. உடலைப் பதப்படுத்தும்போது வெளியே எடுக்கப்படும் ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் என்னும் நான்கு உள்ளுறுப்புகளுக்காகச் செய்யப்பட்ட நான்கு பேழைகளுள் ஒன்று. மன்னனின் உடல் கிடந்த உட்பேழை 1.88 மீற்றர் நீளமும் 110.4 கிலோகிராம் எடையும் கொண்ட வேறொரு பொருள். சிறியதைப் பெரியதாக எண்ணுவது எளிதில் நேரக்கூடிய பிழைதான். இரண்டிலும் கைகள் மார்பின் குறுக்கே மடிந்து கோலையும் கதிரடிக்கோலையும் பிடித்திருக்கின்றன, இரண்டையும் இறகு வடிவங்கள் போர்த்தியிருக்கின்றன, அளவுகோல் இல்லாமல் எடுக்கப்பட்ட படத்தில் எது பெரிது எது சிறிது என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு படவரைஞனாக, அளவு குறிக்காத படத்தை நான் என்றுமே நம்பியதில்லை.

வெறும் அளவுப் பிழையாக இருந்திருந்தால் இதற்காகத் தங்கள் இடத்தை நான் கேட்டிருக்க மாட்டேன். கட்டுரை முழுவதும் ஒரு கருத்தின் மேல் நிற்கிறது: இவையெல்லாம் துட்டன்காமுன் என்னும் ஒரு மன்னன் தனக்கெனச் செய்வித்துச் சேர்த்துவைத்த செல்வம், அதை அவனோடு புதைத்தார்கள் என்பதே அது. அந்தக் கருத்தை மறுக்கும் சான்று, தாங்கள் அச்சிட்ட அதே சிறு பேழைக்குள்தான் இருக்கிறது. அதன் மூடியைத் திறந்து உட்புறத்தைப் பார்த்தால், பொன் தகட்டில் நுணுக்கமாகச் செதுக்கப்பட்ட மந்திர வரிகள் தெரியும். அவ்வரிகளில் மன்னனின் பெயரைச் சூழ்ந்து வரும் நீள்வட்டச் சட்டத்துக்குள், முன்பு இருந்த எழுத்துகளைத் தட்டிச் சமப்படுத்திவிட்டு அவற்றின் மேல் துட்டன்காமுனின் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். அடியில் இருந்த பெயர் அன்க்கெப்பரூரே என்பது. நெஃபர்நெஃபருஅத்தென் என்னும், அவனுக்குச் சற்று முன்னர் ஆண்ட ஒருவருக்கு உரியது. அந்த ஆட்சியாளர் ஒரு பெண் என்பதில் இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் உடன்படுகிறார்கள். அவர் அக்கநாத்தன் என்னும் மன்னனின் அரசி நெஃபர்திதியா, நெஃபர்திதியின் மூத்த மகள் மெரித்தாத்தெனா என்பதில்தான் சண்டை தீரவில்லை. பேழையின் முகத்தைக் கவனித்துப் பாருங்கள்: மன்னனின் உடலில் முகத்தை மூடியிருந்த பொன் முகமூடியிலும் உட்பேழையிலும் உள்ள இளைஞனின் முகத்துக்கும் இதற்கும் ஒற்றுமை குறைவு. கட்டுரையாசிரியர் "மன்னனின் அழகிய முகம்" என்று வருணித்திருப்பது, பெரும்பாலும், மன்னனுக்கு முன் ஆண்ட அந்தப் பெண்ணின் முகத்தைத்தான்.

இது ஒரு பேழையோடு முடிந்துவிடவும் இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாக வைக்கப்பட்டிருந்த மூன்று பெரிய சவப்பேழைகளுள் நடுப்பேழையின் முகமும் மற்ற இரண்டிலிருந்து வேறுபடுகிறது. அதுவும் முதலில் வேறொருவருக்காகச் செய்யப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். உலகப் புகழ்பெற்ற முகமூடியிலேயே பெயர் மாற்றப்பட்டுள்ளது என்று வாதிடுவோரும் உண்டு, அதனை மறுப்போரும் உண்டு. கி.மு. 1332 அளவில் எட்டு அல்லது ஒன்பது வயதில் அரியணை ஏறி, கி.மு. 1323 அளவில் பத்தொன்பது வயதுக்குள் இறந்துவிட்ட ஒரு மன்னனுக்கு, எழுபது நாட்கள் என்று கணக்கிடப்படும் பதப்படுத்தற் காலத்துக்குள் எல்லாவற்றையும் புதிதாகச் செய்து முடிக்க எந்தப் பட்டறையாலும் இயலாது. களஞ்சியத்தில் இருந்ததை எடுத்தார்கள், பெயரை மாற்றினார்கள், குறைந்ததைச் செய்தார்கள்.

அவசரத்தின் அடையாளங்கள் கல்லறையெங்கும் கிடக்கின்றன. என் தொழிலின் காரணமாகவோ என்னவோ, பொன்னைவிட இவைதான் என் மனதில் ஆழமாகப் பதிந்தன. மூன்று பேழைகளையும் தாங்கிய பெரிய கற்பேழை மஞ்சள் நிறக் குவாட்சைற்றுக் கல்லால் ஆனது. அதன் மூடியோ கருங்கல். நடுவில் பிளந்துபோன அந்த மூடியின் வெடிப்பைச் சுதையால் அடைத்து, கீழுள்ள கல்லின் நிறத்துக்குப் பொருந்தும்படி மஞ்சள் வர்ணம் பூசிவிட்டிருக்கிறார்கள். மூடி சரியாக அமரும்படி, வெளிப்பேழையின் கால்விரற் பகுதி உயர்ந்து நின்றதால், அதனைச் சீவிக் குறைத்திருக்கிறார்கள். சீவிய மரச்சிராய்கள் கற்பேழையின் அடியிலேயே கிடந்தன, கூட்டி அள்ளக்கூட எவருக்கும் நேரம் இருக்கவில்லை. கற்பேழையைச் சுற்றி நான்கு பொன்முலாம் பூசிய மரக்கூடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக நிறுத்தப்பட்டிருந்தன. ஒவ்வொரு பலகையும் எந்தத் திசையில் நிற்க வேண்டும் என்பதைத் தச்சர்கள் பட்டறையிலேயே குறியிட்டு அனுப்பியிருந்தார்கள். ஆனால் பொருத்தியவர்கள் அந்தக் குறிகளைப் பார்க்காமல், மேற்கு நோக்க வேண்டிய கதவுகளைக் கிழக்கு நோக்க வைத்து, இணையாத மூலைகளைப் பெரிய சுத்தியலால் அடித்து இணைத்திருக்கிறார்கள்; அடிபட்ட தடங்கள் பொன்தகட்டில் இன்றும் இருக்கின்றன. வரைபடத்தில் ஒன்றும் களத்தில் இன்னொன்றுமாக நடந்த எத்தனையோ வேலைகளைக் கொழும்பில் பார்த்துச் சலித்த எனக்கு, அந்தச் சுத்தியல் தடங்களுக்கு முன் நின்றபோது வந்த சிரிப்பை அடக்குவது சிரமமாக இருந்தது.

கட்டுரையில் ஒரே ஒரு வரியில் கடந்துசெல்லப்பட்ட பொன் சிம்மாசனத்துக்கு இப்போது வருகிறேன். என் தாழ்மையான அபிப்பிராயத்தில், அந்த ஆட்சியின் முழு வரலாறும் ஒரு பொருளில் அடங்கியிருக்கிறது என்றால் அது இதுதான். மரத்தில் செய்து பொன்தகடு போர்த்தி, வெள்ளியும் நிறக்கண்ணாடியும் மணிக்கற்களும் பதித்த இருக்கை அது. முன்புறம் சிங்கத் தலைகள், கால்களோ சிங்கத்தின் பாதங்கள், கைப்பிடிகள் சிறகு விரித்த நாகங்கள். சாய்மானத்தின் உட்பக்கத்தில் இளம் மன்னன் ஒரு கையைச் சாய்மானத்தின் மேல் தொங்கவிட்டுத் தளர்வாக அமர்ந்திருக்க, அவன் மனைவி அன்கெசெனாமுன் குனிந்து நின்று, கையிலுள்ள சிறு கிண்ணத்திலிருந்து வாசனைத் தைலத்தை அவன் தோளில் தடவுகிறாள். இருவரின் ஆடைகளும் வெள்ளித் தகட்டால் ஆனவை. அவர்களுக்கு மேலே சூரிய வட்டம். அதிலிருந்து இறங்கும் கதிர்கள் ஒவ்வொன்றும் ஒரு சிறு கையாக முடிகின்றன.

கதிர்கள் கைகளாக முடியும் அந்தச் சூரியன்தான் அத்தென். துட்டன்காமுனின் தந்தை என்று இன்று பரவலாக ஏற்கப்படும் அக்கநாத்தன், ஏனைய தெய்வங்களைத் தள்ளிவிட்டு ஒரே தெய்வமாக உயர்த்தியது அதனைத்தான். அதற்கென அமர்னாவில் ஒரு புதிய தலைநகரையே எழுப்பினான். அவன் காலத்துச் சிற்பிகள் அதுவரையிலான எகிப்தியக் கலையின் விறைப்பைக் கைவிட்டு, மன்னனும் மனைவியும் பிள்ளைகளும் ஒருவரையொருவர் தொட்டுக் கொஞ்சும் குடும்பக் காட்சிகளைச் செதுக்கினார்கள். சிம்மாசனத்துக் காட்சி அந்த அமர்னா மரபில் வந்தது. இருக்கையின் கைப்பகுதியில் மன்னனின் பெயர் "துட்டன்காத்தென்", அதாவது அத்தெனின் உயிருள்ள உரு, என்று பழைய வடிவத்திலேயே நிற்கிறது. சாய்மானத்தில் அதே பெயர், பழைய பெருந்தெய்வமான அமூனின் உயிருள்ள உரு என்று பொருள்படும் "துட்டன்காமுன்" ஆக மாற்றப்பட்டிருக்கிறது. ஒரே இருக்கையில் இரண்டு பெயர்கள், இரண்டு தெய்வங்கள். பழைய பெயரையும் சூரியனையும் முற்றாகச் சுரண்டி எடுக்க எவரும் முனையவில்லை என்பதைப் பார்க்கும்போது, அமூன் வழிபாட்டுக்கான திரும்பல் நாம் பாடநூல்களில் படித்ததுபோல் ஒரே இரவில் நிகழ்ந்த புரட்சியாக எனக்குத் தோன்றவில்லை.

இதனை எழுதும்போது கொழும்புத் தேசிய நூதனசாலையில் உள்ள கண்டி அரசர்களின் சிம்மாசனம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனுக்கு அளித்ததாகக் கொள்ளப்படும் அந்த இருக்கையிலும் பொன்தகடு போர்த்திய மரம்தான். கைப்பிடிகளில் சிங்கங்கள், சாய்மானத்தின் உச்சியில் கதிர் வீசும் சூரியன். நாயக்க வம்சத்தின் கடைசி மன்னன் ஸ்ரீவிக்கிரமராஜசிங்கன் வரை அதில் அமர்ந்தார்கள். 1815இல் கண்டி வீழ்ந்தபோது கடல் கடந்து சென்று, 1934இல் திரும்பி வந்தது. இரண்டு சூரியன்களுக்கும் எந்த உறவும் இல்லை, அதை யாரும் தேடவும் வேண்டாம். ஆனால் எகிப்துக்குப் போக வசதியில்லாத நம் பிள்ளைகளுக்கு, அரச இருக்கை ஒன்றை எப்படிப் பார்க்க வேண்டும், மரம் எங்கே முடிகிறது, தகடு எங்கே மடிகிறது, யாருக்காகச் செய்தது யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று கேட்கப் பழக்குவதற்கு, மார்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில் அந்த ஒரு பொருள் போதும். கண்டிப் பிரதேசத்துக் கம்மாளர்களினதும் சித்திரகாரர்களினதும் பட்டறைகளுக்கு நேரிற் சென்று அவர்கள் வேலை செய்யும் முறையை எழுதிவைத்த ஆனந்த குமாரசுவாமி பிறந்ததும் இதே கொழும்பில்தான்.

அடுத்து, கல்லைப் பற்றிய ஒரு திருத்தம். முகமூடியின் தலைத்துணியில் உள்ள நீலப் பட்டைகள் "விலைமதிப்பற்ற நீலக்கற்களால்" ஆனவை என்று கட்டுரை கூறுகிறது. இலங்கை வாசகர் நீலக்கல் என்றால் இரத்தினபுரி நீலத்தைத்தான் நினைப்பார். பழைய எகிப்தியர் அந்தக் கல்லைப் பயன்படுத்தவே இல்லை. அவர்கள் விரும்பிய நீலம் லாபிஸ் லசூலி என்னும் ஒளி ஊடுருவாத கல், இன்றைய ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளிலிருந்து கைமாறிக் கைமாறி நைல் நதிக்கரையை அடைந்தது. முகமூடியில் அந்தக் கல் புருவங்களிலும் இமைகளிலும் பதிக்கப்பட்டிருக்கிறது. தலைத்துணியின் பட்டைகளோ நீல நிறக் கண்ணாடி. கண்ணாடி என்றதும் மலிவு என்று எண்ணிவிடக் கூடாது. அக்காலத்தில் நிறக்கண்ணாடி வார்ப்பது அரசப் பட்டறைகளுக்கே உரிய கலையாக இருந்தது, கல்லுக்குப் பதிலாக அதைப் பதிப்பதில் அவர்களுக்கு எந்தக் கூச்சமும் இருக்கவில்லை. கண்களில் வெண்மைக்குக் குவாட்ஸ், கருவிழிக்கு எரிமலைக் கண்ணாடி.

பொன்னைப் பற்றியும் எடையைச் சொன்ன கட்டுரையாசிரியர் அதன் தரத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார். முகமூடி பத்து கிலோகிராமுக்குச் சற்று அதிகம். அதன் மேற்பரப்பில் முகமும் கழுத்தும் 18.4 கரட் பொன்னிலும் மற்றப் பகுதிகள் 22.5 கரட் பொன்னிலும் அமைந்திருப்பதாக ஆய்வு காட்டியிருக்கிறது. முகம் ஏனைய இடங்களைவிடச் சற்று வெளிறி, உயிருள்ள தோல்போல் தெரிவதற்கு இதுவே காரணம். செட்டியார் தெருவில் பரம்பரையாகப் பட்டறை வைத்திருக்கும் நண்பரொருவரிடம் இதைச் சொன்னபோது, அவர் தராசை நிறுத்திவிட்டு, "நிறத்துக்காகத் தரத்தைக் குறைக்கத் துணிந்திருக்கிறான் என்றால் அவன் பெரிய வேலைக்காரன்" என்றார். 110 கிலோ, 10 கிலோ என்று எடைக் கணக்கை மட்டும் அடுக்கினால் அந்த வேலைக்காரன் கட்டுரைக்குள் வர வழியே இல்லாமல் போய்விடுகிறது.

நம்மவர்க்குப் பெருமை சேர்க்கும் நோக்கில் எழுதப்பட்ட ஒரு வாக்கியத்தையும் திருத்த வேண்டியிருக்கிறது. கல்லறையில் கிடைத்த நாற்காலிகளின் கருங்காலி மரம் இலங்கையிலிருந்து போயிருக்கலாம் என்பது அது. எகிப்தியர் "ஹெப்னி" என்று அழைத்த கரிய மரம், நம் காடுகளின் கருங்காலியன்று. ஆபிரிக்காவில் வளரும் வேறொரு இனம், எகிப்துக்குத் தெற்கே இருந்த நூபியாவிலிருந்தும் புன்ட் என்னும் தென்திசை நாட்டிலிருந்தும் அவர்களுக்குக் கிடைத்தது. இரண்டாம் ராம்செஸ் மன்னனின் உடலில் மூக்குத் துவாரங்களுக்குள் மிளகுமணிகள் இருந்தன என்பது உண்மை, மிளகு தென்னிந்தியப் பக்கத்துப் பொருள் என்பதும் உண்மை. ஆனால் அவன் துட்டன்காமுனுக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவன். செங்கடற் கரையில் குசைரிலும் பெரெனிகேயிலும் கிடைத்த தமிழ் பிராமி பொறித்த பானையோடுகள் உரோமர் காலத்தவை, துட்டன்காமுனுக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பிந்தியவை. இருக்கிற உறவே போதுமான சிறப்புடையதாக இருக்கும்போது, இல்லாத இடத்தில் அதனைக் கொண்டுபோய் ஒட்டுவது அந்த ஓடுகளின் மதிப்பையும் குறைத்துவிடும்.

தூரத்திலிருந்து வந்த பொருளைத்தான் தேட வேண்டும் என்றால், வேறு இரண்டு இருந்தன, அவற்றைக் கட்டுரை தொடவே இல்லை. மன்னனின் வலது தொடையருகே துணிச்சுற்றுகளுக்குள் கிடந்த குத்துவாளின் அலகு இரும்பு. எகிப்தில் இரும்பு உருக்கும் தொழில் பரவாத காலம் அது. 2016இல் வெளியான ஆய்வு அந்த இரும்பில் ஏறத்தாழ 11 சதவீதம் நிக்கலும் சிறிதளவு கோபால்ற்றும் இருப்பதைக் கண்டு, அது வானிலிருந்து விழுந்த விண்கல்லின் இரும்பு என்பதை உறுதிசெய்தது. மிட்டானி நாட்டு மன்னன் துஷ்ரத்தன், துட்டன்காமுனின் பாட்டனாகக் கருதப்படும் மூன்றாம் அமென்ஹொத்தெப்புக்கு அனுப்பிய சீர்வரிசைப் பட்டியலில் இரும்பு அலகுள்ள குத்துவாள் ஒன்று குறிக்கப்பட்டிருக்கிறது. இது அதுதானா என்பதை நிறுவ முடியாது, ஆனாலும் அக்காலத்து அரசர்கள் இரும்பைப் பொன்னுக்கு நிகரான பரிசாகக் கைமாற்றிக்கொண்டார்கள் என்பது அதிலிருந்து தெரிகிறது. மற்றது ஒரு மார்பணியின் நடுவில் வண்டு வடிவில் செதுக்கப்பட்ட இளமஞ்சள் நிறக் கல். நெடுங்காலம் வேறு கல்லென்று எண்ணப்பட்டு வந்த அது, எகிப்தின் மேற்கெல்லைப் பாலைவன மணலில் கிடைக்கும், ஏறத்தாழ 2 கோடியே 90 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் கடும் வெப்பத்தில் மணல் உருகி உண்டான இயற்கைக் கண்ணாடி என்பது 1990களில்தான் தெளிவாயிற்று.

கல்லறையைத் திறந்தவர்களைக் கொல்லும் என்று சொல்லப்பட்ட சாபத்துக்கு ஒதுக்கப்பட்ட மூன்று பத்திகளைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. கல்லறைச் சுவரில் சாபம் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. அகழ்வுக்குப் பணம் கொடுத்த கார்னாவன் பிரபு 1923 ஏப்ரலில் இறந்தது, நுளம்புக்கடி சவரக்கத்தி பட்டுப் புண்ணாகி, அதனால் வந்த நோயில். அவருடன் முதல் நாளே உள்ளே நுழைந்த அவரது மகள் ஈவ்லின் 1980 வரை வாழ்ந்தார். சாபத்தின் முதற் பலியாக வேண்டிய, கல்லறையைக் கண்டுபிடித்த ஹவார்ட் கார்ட்டர், பத்து ஆண்டுகள் அதே கல்லறைக்குள் வேலை செய்து முடித்து, 1939இல் தமது 64ஆவது வயதில் இறந்தார்.

அந்த மூன்று பத்திகளின் இடத்தில் எழுதியிருக்கக்கூடியவை எத்தனையோ. கல்லறையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்ட கைத்தடிகளுள் ஒன்று வெறும் நாணற்தண்டு; பொன்பூண் கட்டிய அந்தத் தடியில், மாட்சிமை பொருந்திய மன்னர் தமது கையாலேயே வெட்டிய நாணல் என்று எழுதியிருக்கிறது. வெண்கல்லில் குடைந்த விளக்கொன்று இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் மாசற்ற வெண்கிண்ணம், உள்ளே எண்ணெய் ஊற்றித் திரி ஏற்றினால் மட்டும் மன்னனும் அரசியும் இருக்கும் வண்ணச் சித்திரம் கல்லின் ஊடாகத் தெரியும். உள்ளே இன்னொரு மெல்லிய கிண்ணத்தைப் பொருத்தி அதன் வெளிச்சுவரில் ஓவியத்தைத் தீட்டி மறைத்திருக்கிறார்கள். தங்கள் படத்தில் இருந்த சிறு பேழையும் அதன் துணைப் பேழைகளும் இருந்த பொற்கூட்டைச் சுற்றி ஐசிஸ், நெஃப்திஸ், நெய்த், செர்க்கெத் என்னும் நான்கு தேவியர் கைகளை விரித்துக் காத்து நிற்கிறார்கள். எகிப்தியச் சிற்பம் நேரே பார்க்கும். இவர்களோ தலையைப் பக்கவாட்டில் திருப்பி, யாரோ வருகிறார்களா என்று பார்ப்பதுபோல் நிற்கிறார்கள். மெல்லிய துணி உடலோடு ஒட்டிக் கிடக்கும் அந்தச் சிற்பங்களில் அமர்னாப் பட்டறையின் கை தெளிவாகத் தெரிகிறது. அன்று அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நான் நின்ற நேரத்தில், காவலர் இருமுறை வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

அவற்றைச் செய்தவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. கொடுத்தவர்களின் பெயர்கள் கிடைத்திருக்கின்றன: களஞ்சிய அதிகாரி மாயாவும் படைத்தலைவன் நக்த்மினும் மன்னனுக்காக வைத்த சிறு மரச்சிலைகளில் தங்கள் பெயர்களை எழுதிவைத்திருக்கிறார்கள். கல்லறையில் இருந்த அத்தகைய பணியாட் சிலைகள் மொத்தம் 413. உளியைப் பிடித்தவன் தன் பெயரை எங்கும் எழுதவில்லை. திருடர்கள்கூட அவனைவிட அதிகத் தடயம் விட்டுச் சென்றிருக்கிறார்கள்: புதைத்துச் சில ஆண்டுகளுக்குள்ளேயே இருமுறை உள்ளே புகுந்தவர்கள் தைலச் சாடிகளில் கையை விட்டு அள்ளியபோது, சாடியின் உட்சுவரில் விரற்தடங்கள் பதிந்துவிட்டன.

மன்னனுக்கே அவன் நாட்டில் பெயர் மிஞ்சவில்லை. லுக்சோர் கோயிலின் தூண் மண்டபச் சுவர்களில் ஓபெத் திருவிழா ஊர்வலத்தைச் செதுக்குவித்ததும், கைவிடப்பட்டிருந்த கோயில்களை மீட்டெடுத்ததாகக் கர்னக்கில் கல்வெட்டு நாட்டியதும் துட்டன்காமுன்தான். பின்னர் வந்த ஹொரெம்ஹெப் அவற்றில் அவன் பெயரை அகற்றித் தன் பெயரைப் பொறித்தான். அபிதோசில் முதலாம் செத்தி எழுதுவித்த அரசர் பட்டியலில் மூன்றாம் அமென்ஹொத்தெப்புக்கு அடுத்து நேரே ஹொரெம்ஹெப் வருகிறான். முன்னவரின் பேழையில் தன் பெயர் ஏறிய அதே விதத்தில் தன் சுவர்களில் பின்னவரின் பெயர் ஏறியது. கல்லறை வாயில், பிற்காலத்தில் ஆறாம் ராம்செஸின் கல்லறையைக் குடைந்த தொழிலாளரின் குடிசைகளுக்கு அடியில் மறைந்துபோனது. அதனாலேயே 1922 நவம்பர் 4 வரை அது தப்பிக் கிடந்தது.

கண்டுபிடிப்பைப் பற்றிய பகுதியில் கட்டுரை கார்ட்டரை மட்டுமே காட்டுகிறது. அகமது கெரிகர், காத் ஹசன், ஹுசைன் அபூ அவாத், ஹுசைன் அகமது சயீத் என்னும் எகிப்திய மேற்பார்வையாளர்களின் பெயர்களைக் கார்ட்டரே நன்றியுடன் பதிவுசெய்திருக்கிறார். தங்கள் பக்கத்திலும் அவற்றுக்கு ஒரு வரி இருந்திருக்கலாம். கார்ட்டரின் குழுவைப் பாராட்ட வேண்டிய இடம் அவர்களின் பொறுமை. ஒவ்வொரு பொருளையும் இலக்கமிட்டு, ஹரி பேர்ட்டன் இருந்த இடத்திலேயே படம் பிடித்த பிறகே அசைத்தார்கள். போர்க் காட்சிகளும் வேட்டைக் காட்சிகளும் தீட்டிய ஒரேயொரு மரப்பெட்டியின் அடியைத் தொடக் கார்ட்டருக்கு மூன்று வாரங்கள் சென்றன. அந்தக் குறிப்புகள் இல்லாவிட்டால், சுத்தியல் தடம், மரச்சிராய், விரற்பதிவு என்று நான் மேலே எழுதிய பலவற்றை எவராலும் எழுதியிருக்க முடியாது.

இவ்வளவும் இன்று ஒரே இடத்தில் இருப்பதற்குக் காரணம் தற்செயல் அன்று. கண்டெடுப்பவரும் நாடும் பொருட்களைப் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொள்ளும் வழக்கம் அதுவரை இருந்தது. நெஃபர்திதியின் மார்பளவுச் சிலை அத்தகைய ஒரு பங்கீட்டில்தான் 1913இல் ஜெர்மனிக்குப் போயிற்று. 1922 பெப்ரவரியில் எகிப்து சுதந்திர நாடாக அறிவிக்கப்பட்டு, தொல்பொருள் திணைக்களத்தின் தலைவர் பியர் லக்கோ பங்கீட்டை மறுத்து நின்றதால், 1930இல் கார்னாவன் குடும்பத்துக்கு ஏறத்தாழ 36,000 பவுண் நட்டஈடு கொடுக்கப்பட்டு, 5,398 பொருட்களும் நாட்டிலேயே தங்கின. கையோடு நழுவிச் சென்ற சிலவும் உண்டு; நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் நூதனசாலை, தன்னிடம் சேர்ந்திருந்த 19 சிறு துண்டுகளை எகிப்துக்குத் திருப்பித் தருவதாக 2010இல் அறிவித்தது. கண்டிப் பீரங்கியை 2023 டிசம்பரில் அம்ஸ்டர்டாமிலிருந்து திரும்பப் பெற்ற நமக்கு அந்த 19 துண்டுகளின் அருமையை விளக்க வேண்டியதில்லை. மன்னனின் உடல் மட்டும் புதிய மாளிகைக்குப் போகவில்லை, அரசர் பள்ளத்தாக்கில் அவன் கல்லறையிலேயே கிடக்கிறது. "மன்னனும் புது வீடு புகுந்தான்" என்ற தங்கள் உபதலைப்பும் அதனால் பொருந்தாது.

அடுத்த ஞாயிறு மலரில் ஒரு சிறு திருத்தக் குறிப்பை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்: படத்தில் உள்ளது 39 சென்ரிமீற்றர் உயரமான உள்ளுறுப்புப் பேழை என்பதும், நீலப் பட்டைகள் கண்ணாடி என்பதும், கரிய மரம் ஆபிரிக்காவினது என்பதும் அதில் இருந்தால் போதும். இடம் இருக்குமானால், அதே பேழையின் மூடியைத் திறந்து உட்புற எழுத்துகள் தெரிய எடுக்கப்பட்ட படம் ஒன்றையும், அருகில் ஓர் அளவுகோலோடு, அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படவரைஞர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.